ஒயின் இல்லாமலும் ஓவியம் வரையலாம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், வரவு செலவுக் கணக்கு வாசித்து முடித்தபின், ‘பயண அனுபவம்’ பகுதியில் ஏ பிளாக் தரைத்தளக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



“ஆன்ட்டி, அமெரிக்காவில் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறீர்கள், ஏதாவது பேசுங்கள்” என்று செயலாளர் தம்பி கேட்டார். நயாகராவைப் பற்றியும் சுதந்திர தேவி சிலையைப் பற்றியும் நீங்கள் ஏற்கெனவே நிறையக் கேட்டிருப்பீர்கள். நம் குடியிருப்பில் பாதிப் பேருடைய பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆகவே ஐந்து மாதத்தை விட்டுவிட்டு இரண்டரை மணி நேரத்தைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். அது ஓர் ஓவிய வகுப்பு. கையில் ஒயின் கோப்பையை வைத்துக்கொண்டு படம் வரையும் வகுப்பு.

பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். என் கோப்பையில் இருந்தது இஞ்சி சோடா.

என் மகள் ஹூஸ்டனில் இருக்கிறாள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்வந்த பெற்றோருக்கு அந்த வாழ்க்கை தெரியும். காலையில் அவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். பேரன் பள்ளிக்கூடம் போய்விடுவான். கார் ஓட்டத் தெரியாத நமக்கு வாசலைத் தாண்டிப் போக ஓர் இடம் கிடையாது. ஜன்னல் வழியாக எதிர்வீட்டுப் புல்வெளியைப் பார்த்துக்கொண்டு இருப்போம். ஒரு நீண்ட வார இறுதியில் நியூ ஆர்லியன்ஸ் போகலாம் என்றார் மாப்பிள்ளை. ஹூஸ்டனிலிருந்து ஏறத்தாழ 560 கிலோமீட்டர். காரில் ஐந்தரை மணி நேரம்.

அந்த ஊரில் எனக்கு முதலில் பிடித்தது காப்பி. நம் ஃபில்டர் காப்பி மாதிரி அங்கேயும் காப்பித் தூளில் சிக்கரி கலக்கிறார்கள். 1862 முதல் நடக்கும் ‘கஃபே டு மோண்ட்’ என்ற கடையில் சூடான பாலும் சிக்கரிக் காப்பியும் பாதிக்குப் பாதி கலந்து தருகிறார்கள். பக்கத்திலேயே ஜாக்சன் சதுக்கம் என்றொரு பூங்கா. அதன் இரும்பு வேலி முழுக்க ஓவியர்கள் தங்கள் படங்களைத் தொங்கவிட்டு விற்கிறார்கள். அவற்றைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தோம். மறுநாள் சதுப்பு நிலத்தில் படகு சவாரி போவதாகத் திட்டம். மழை கொட்டியது, படகை நிறுத்திவிட்டார்கள். மாலையில் என்ன செய்வது என்று யோசித்த என் மகள் போனில் தேடி இரண்டு பேருக்கு ஒரு வகுப்பில் இடம் பிடித்துவிட்டாள். பேரனும் மாப்பிள்ளையும் ஓட்டல் அறையில்.

“ஒயின் குடிக்கிற இடத்துக்கு என்னை எதுக்குடி கூட்டிட்டுப் போறே?” என்றேன்.

“அம்மா, நீ குடிக்க வேணாம்மா. பெயிண்ட் பண்ண மட்டும் வா.”

“எனக்கு எங்கடி வரையத் தெரியும்?”

“அங்க வர்றவங்க யாருக்குமே தெரியாதும்மா. அதுக்குத்தான் வகுப்பு.”

இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்த விஷயமே அதுதான்.

அங்கே என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். நீளமான மேசைகள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு ‘ஈஸல்’. மழைக்காலத்தில் விளக்கைச் சுற்றி வருமே அந்த ஈசல் அல்ல; துணி ஒட்டிய சட்டத்தைச் சாய்த்து நிறுத்துகிற மரத் தாங்கி. அதில் 16-க்கு 20 அங்குலத்தில் வெள்ளைக் கான்வாஸ். பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று பிரஷ்கள். ஒரு டம்ளர் தண்ணீர், துடைக்க ஒரு துண்டுத் துணி, புடவையில் கறை படாமல் இருக்க ஓர் ஏப்ரன். நாம் விருந்தில் சாப்பிடுகிற காகிதத் தட்டில் ஐந்தாறு சொட்டு வண்ணம்: வெள்ளை, கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு, பழுப்பு. கட்டணம் தலைக்கு 40 டாலர் அளவில். ஒயின் கட்டணத்தில் சேராது, வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளலாம். சில ஊர்களில் வீட்டிலிருந்தே பாட்டிலைக் கொண்டுபோகவும் விடுவார்களாம். அந்த நாட்டில் 21 வயது நிறைந்தவர்களுக்குத்தான் மது. வாங்குபவர்களிடம் அடையாள அட்டை கேட்கிறார்கள். நரைத்த தலையோடு இருந்த ஒருவரிடமும் கேட்டார்கள், அவர் மகிழ்ந்து போனார்.

சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். முன்னால் ஒரு சின்ன மேடையில் நின்று, அன்றைய படத்தை நம் கண் முன்னாலேயே வரைகிறார். அவர் ஒரு கோடு போட்டால் நாமும் ஒரு கோடு. அன்றைய படம், சதுப்பு நீரில் நிற்கும் ஒரு சைப்ரஸ் மரம், அதன் பின்னால் முழு நிலா. மழையால் நேரில் பார்க்க முடியாமல் போன அதே காட்சி. மரக்கிளைகளிலிருந்து சாம்பல் நிறத்தில் தாடி மாதிரி ஒன்று தொங்கும். ‘ஸ்பானிஷ் மாஸ்’ என்கிறார்கள். பெயரில்தான் ஸ்பெயினும் பாசியும் இருக்கின்றன. உண்மையில் அது அன்னாசி குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடி.

முதலில் பின்னணி. கான்வாஸ் முழுவதையும் நீலத்தாலும் கறுப்பாலும் மூடச் சொன்னார். வெள்ளையாக ஓர் இடமும் மிச்சம் இருக்கக் கூடாது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெள்ளைக் கான்வாஸைப் பார்த்தால்தான் நமக்குப் பயம். ஐந்து நிமிடத்தில் வெள்ளை போய்விட்டால் பயமும் போய்விடும். பிறகு நிலா. பிளாஸ்டிக் கோப்பையின் வாயை வண்ணத்தில் தோய்த்து அச்சுப் போல் ஒற்றிக்கொள்ளச் சொன்னார். அப்புறம் அடிமரம், கிளைகள், தண்ணீரில் நிழல். கடைசியாகச் சின்னப் பிரஷால் அந்தத் தாடி.

வண்ணம் அக்ரிலிக். 1950-களில் பரவலாக வந்த வகை. தண்ணீரில் கரையும், மெல்லிய பூச்சாக இருந்தால் கால் மணி அரை மணியில் காய்ந்துவிடும். காய்ந்தபின் அதன்மேல் வேறு வண்ணத்தைப் பூசலாம், அடியில் இருப்பது கரைந்து வராது. எண்ணெய் வண்ணம் என்றால் காய நாள் கணக்கில் ஆகும். வாட்டர் கலர் என்றால் கறுப்பின்மேல் வெளுப்பு நிற்காது. மாலை ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டரைக்குள் படத்தை வீட்டுக்கு எடுத்துப் போகிற மாதிரி ஒரு வகுப்பு நடக்கிறது என்றால், அது இந்த வண்ணத்தால்தான். “பிடிக்கவில்லையா? காயட்டும், மேலே பூசுவோம்” என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தார். கோலத்தில் ஓர் இழை தவறினால் புறங்கையால் தள்ளிவிட்டு மறுபடி இழுக்கிறோம் இல்லையா, அதே மாதிரி.

இப்போது ஒயின் விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த ஊர்க் கணக்கில் ஒரு கோப்பை ஒயின் என்பது 150 மில்லி அளவு. அதைக் குடித்தால் கை நன்றாக வரையுமா? வரையாது. மது யாருக்கும் வரையும் திறமையைத் தந்துவிடாது. அப்படியிருக்க எதற்கு ஒயின்? வந்தவர்களைக் கவனித்துப் பார்த்தேன். பெரும்பாலானோர் ஒரு கோப்பையைக்கூட முடிக்கவில்லை. ஒருவர் பிரஷை ஒயினில் முக்கிக் கழுவிவிட்டு, கோப்பையை அப்படியே தள்ளி வைத்துவிட்டார். ஆனால் உள்ளே நுழைந்தபோது எல்லோர் கையும் அந்தக் கோப்பையைத்தான் முதலில் தேடியது.

எனக்குப் புரிந்தது இதுதான். ஐம்பது வயது மனிதர், அலுவலகத்தில் நாற்பது பேருக்கு உத்தரவு போடுபவர், ஒரு மரத்தை வரைந்து அது துடைப்பம் மாதிரி வந்தால் என்ன ஆவது? அவமானம் இல்லையா? கையில் கோப்பை இருந்தால், “சும்மா பொழுதுபோக்குக்கு வந்தேன்” என்று சொல்லிக்கொள்ளலாம். படம் மோசமாக வந்தால் பழியை ஒயின்மேல் போட்டுவிடலாம். தெரியாத ஒன்றை நாலு பேர் முன்னால் செய்து பார்ப்பதற்கு அந்தக் கோப்பை ஒரு சாக்கு. அவ்வளவுதான்.

நமக்கும் அந்த வெட்கம் இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளையிடம் யானை வரை என்றால் உடனே வரையும். எட்டாம் வகுப்பு வந்ததும் டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். அதன்பின் ஐம்பது வருடம் நாம் எதையும் வரைவதில்லை. கேட்டால் “எனக்கு வராது” என்போம். வருமா வராதா என்று கடைசியாக எப்போது பார்த்தோம்?

இந்த மாதிரி வகுப்புகள் அமெரிக்காவில் பரவியது சமீப காலத்தில்தான். 2002-ல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் ஒன்று தொடங்கியது. ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது 2007-ல் தொடங்கிய இன்னொன்று. அதைப் புரிந்துகொள்ள நியூ ஆர்லியன்ஸில் அதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

2005 ஆகஸ்ட் 29. கத்ரீனா புயல். அந்த ஊர் மிசிசிப்பி ஆற்றுக்கும் பான்சர்ட்ரெய்ன் ஏரிக்கும் நடுவே, பல இடங்களில் கடல் மட்டத்துக்கும் கீழே, ஒரு கிண்ணம் மாதிரி இருக்கிறது. தண்ணீரைத் தடுக்கக் கட்டிய கரைகளும் சுவர்களும் உடைந்தன. ஊரின் ஐந்தில் நான்கு பங்கு முழுகியது. வாரக்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. ஏரியின் வடகரையில் மேண்டவில் என்ற சிற்றூர். ஏரியின் குறுக்கே 38 கிலோமீட்டர் நீளப் பாலம் அதை நியூ ஆர்லியன்ஸோடு இணைக்கிறது. அங்கே கேத்தி டீனோ, ரெனே மலோனி என்று இரண்டு தோழிகள். புயலுக்குப் பின் வீடு சரி செய்வதும் காப்பீட்டுக் காகிதங்களோடு அலைவதுமாகச் சோர்ந்து போன ஜனங்கள் இரண்டு மணி நேரம் எல்லாவற்றையும் மறந்து உட்கார ஓர் இடம் வேண்டும் என்று 2007-ல் ஓர் ஓவியக் கூடத்தைத் திறந்தார்கள். அது ‘பெயின்டிங் வித் எ ட்விஸ்ட்’ என்ற பெயரில் வளர்ந்து, நாடு முழுவதும் 200-க்கும் மேற்பட்ட கிளைகளாகப் பரவியது. இன்று அது பெரிய வியாபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது முளைத்த இடம் வெள்ளம் வடிந்த மண்.

நான் போனது அவர்களுடைய கூடம் அல்ல, அதே மாதிரி வேறொரு சின்ன இடம். எனக்குப் பக்கத்து ஈஸலில் ஒரு மூதாட்டி. எழுபதைத் தாண்டியிருக்கும், உள்ளூர்க்காரர். நிலாவுக்கு மஞ்சள் குழைத்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டார்: “எந்த ஊர்?”

“இந்தியாவில் சென்னை.”

“கடற்கரை ஊரா?”

“ஆமாம்.”

“அப்படியென்றால் உங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்திருக்குமே?”

அமெரிக்காவில் ஐந்து மாதத்தில் என்னிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டார்கள். இந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்கவில்லை.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு உங்களுக்கு நினைவிருக்கும். நம் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். பி பிளாக் இரண்டாவது மாடியில் எங்களைப் பத்து நாள் வைத்துச் சோறு போட்டார்கள். அந்த வீட்டுக்காரர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். வண்டி போனது, பிரிட்ஜ் போனது, அதெல்லாம் வாங்கிக்கொள்ளலாம். எங்கள் கல்யாண ஆல்பம் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது. பக்கங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு படமாகப் பிரித்து மொட்டை மாடிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தார். காய்ந்தது, முகங்கள் இல்லை. வெறும் சிவப்பும் மஞ்சளும். உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். மோட்டார் ரூம் சாவி எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். அவர் போய் நான்கு வருடம் ஆகிறது.

இதை அந்த அம்மாவிடம் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் பிரஷைக் கழுவிக்கொண்டே, “எங்களுக்கும் படங்கள்தான் போயின” என்றார். சுவரை இடித்துப் புதிதாகக் கட்டினார்களாம். புதுச் சுவரில் மாட்ட ஒரு படமும் இல்லை. கடையில் வாங்கி மாட்ட மனம் வரவில்லை. ஒரு தோழி இந்த வகுப்புக்கு இழுத்துவந்தாராம். “இப்போது என் வீட்டுச் சுவரெல்லாம் படம். ஒன்றாவது உருப்படியாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள்” என்று சிரித்தார். அவ்வளவுதான் பேசினோம். அதற்குள் மேடையில் கிளைகளுக்குப் போய்விட்டார்கள், நாங்களும் அவசரமாகக் கிளைகளுக்குப் போனோம்.

கவனியுங்கள். அந்த அம்மாவையும் என்னையும் எதிரெதிரே சோபாவில் உட்காரவைத்து, “இருவரும் மனம் விட்டுப் பேசுங்கள்” என்றிருந்தால் பேசியிருப்போமா? வானிலையைப் பற்றிப் பேசியிருப்போம். கண் கான்வாஸின்மேல், கை வேலையில். பேச வேண்டிய கட்டாயம் இல்லாததால் பேச்சு தானாக வந்தது. நம் பாட்டிகள் முறுக்குச் சுற்றும்போதும் பூத்தொடுக்கும்போதும் இப்படித்தான் பேசினார்கள். வேலை முதலில், பேச்சு அதன் கூடவே.

வயதாகிவிட்டது என்று நினைப்பவர்களுக்கு அந்த லூசியானா மாநிலத்திலேயே ஒருவரைச் சொல்கிறேன். கிளெமென்டைன் ஹன்டர். கறுப்பினப் பெண். மெல்ரோஸ் என்ற பெரிய பண்ணையில் பருத்தி பறித்தவர், பிறகு அந்த வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. அந்த வீட்டுக்கு ஓவியர்கள் வந்து தங்குவார்கள். அவர்கள் விட்டுப்போன வண்ணக் குழாய்களை எடுத்து, ஐம்பது வயதைத் தாண்டியபின் வரையத் தொடங்கினார். கான்வாஸ் வாங்கப் பணமில்லை. பழைய ஜன்னல் திரை, அட்டைப் பெட்டி, பாட்டில் எதிலும் வரைந்தார். பருத்தி பறிப்பது, துணி துவைப்பது, ஞானஸ்நானம், சாவு ஊர்வலம் என்று தான் பார்த்த வாழ்க்கையை வரைந்தார். வீட்டு வாசலில், பார்க்க 25 சென்ட் என்று பலகை வைத்திருந்தார். 1955-ல் நியூ ஆர்லியன்ஸின் கலை அருங்காட்சியகத்தில் அவர் ஓவியங்கள் தனிக் காட்சியாக வைக்கப்பட்டன. நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 1988-ல் காலமானார். கடைசிவரை வரைந்தார். அவருக்கு முன்னால் யாரும் ஒயின் கோப்பை வைக்கவில்லை. சமையலறை வேலை முடிந்த பிறகு கிடைத்த நேரம்தான் இருந்தது.

நாமெல்லாம் ஹன்டர் ஆகப் போவதில்லை. நான் கேட்பது அதுவல்ல.

நம் குடியிருப்பை யோசித்துப் பாருங்கள். நாம் எதற்குக் கூடுகிறோம்? தண்ணீர் லாரிக் கணக்கு. பார்க்கிங் தகராறு. லிஃப்ட் ரிப்பேருக்குத் தரைத்தளம் பணம் கொடுக்க வேண்டுமா வேண்டாமா. போன வருடம் ஜெனரேட்டர் விஷயத்தில் ஆரம்பித்த மனஸ்தாபம், இன்றுவரை இரண்டு பிளாக்கும் தனித்தனியாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறோம். பத்து நாள் சோறு போட்டவர்களும் சாப்பிட்டவர்களும் நாம்தான். தனியாக இருக்கும் பெரியவர்கள் எத்தனை வீட்டில் என்று ஒரு நாள் விரல்விட்டு எண்ணினேன். இரண்டு கை போதவில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். காலையில் பால் பாக்கெட்டை எடுக்கக் கதவு திறக்கும், மறுபடி மூடும். சில வீடுகளில் அன்றைக்கு அவ்வளவுதான். என் வீடும் அப்படித்தான் இருந்தது.

ஆகவே ஒரு யோசனை. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, மாலை நாலிலிருந்து ஆறு வரை, இதே கூடத்தில் ஓர் ஓவிய மாலை. வரையத் தெரியாதவர்களுக்கு மட்டும். நிபந்தனை அது ஒன்றுதான். தெரிந்தவர்கள் வந்தால் அவர்களுக்கு பிரஷ் கழுவும் வேலை.

பி பிளாக்கில் ஓவிய ஆசிரியை ஒருவர் இருக்கிறார். கேட்டேன், முதல் மூன்று மாதம் கட்டணம் இல்லாமல் சொல்லித்தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கான்வாஸ் ஒட்டிய அட்டை 10-க்கு 12 அங்குலம் போதும். அக்ரிலிக் வண்ணத்தைப் பெரிய டப்பாவாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். பிரஷ் ஒருமுறை வாங்கினால் சங்கத்துக்கே சொந்தம். கடையில் விசாரித்தேன், முதல் முறை தலைக்கு 300 ரூபாய்க்குள் அடங்கும். பதினாறு பேருக்கு மேல் முதலில் வேண்டாம். மேசைமேல் பழைய செய்தித்தாள் விரித்தால் கூடம் கெடாது. காய்ந்த அக்ரிலிக் பிளாஸ்டிக் மாதிரிதான். அதனால் பிரஷை முதலில் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் தண்ணீரில் கழுவ வேண்டும். வண்ணத்தை வாஷ்பேசினில் கொட்டினால் பிளம்பர் செலவு அடுத்த கூட்டத்தில் என் தலையில் விழும்.

சில கேள்விகள் வரும். இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

“யூடியூபில் பார்த்தே கற்றுக்கொள்ளலாமே?” கற்றுக்கொள்ளலாம். ஆனால் யூடியூப், “உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா?” என்று கேட்காது.

“ஒருவர் வரைவதை எல்லோரும் அப்படியே பார்த்து வரைவது ஓவியமா? நகல்தானே?” அமெரிக்காவிலும் இதைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நகல்தான். சரளி வரிசை பாடுகிற பிள்ளையிடம், “இது உன் சொந்தக் கற்பனையா?” என்று யாராவது கேட்கிறோமா? குரு பாட, சிஷ்யர்கள் திருப்பிப் பாட, அப்படித்தான் எதையும் தொடங்குகிறோம். அதுவும் தவிர, அன்றைக்கு அந்த அறையில் ஒரே மரத்தை இருபது பேருக்கு மேல் வரைந்தோம். ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒருவர் மரம் குண்டு, ஒருவர் மரம் நோஞ்சான். என் நிலா கொஞ்சம் வலப்பக்கம் சரிந்து, மரத்திடம் ஏதோ ரகசியம் கேட்பது போல் இருந்தது. சரிசெய்யலாமா என்று அந்தப் பெண் கேட்டார், வேண்டாம் என்றுவிட்டேன். அந்தப் படத்தை இரண்டு பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்துப் பெட்டியில் கொண்டுவந்திருக்கிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள், காப்பி தருகிறேன்.

“ஆண்கள் வரலாமா?” கட்டாயம் வர வேண்டும். ஓய்வு பெற்ற பின் பேசுவதற்கு ஆளில்லாமல் அதிகம் தவிப்பவர்கள் அவர்கள்தான். வெளியே சொல்ல மாட்டார்கள். வாக்கிங் போகும்போது போனில் செய்தி படித்துக்கொண்டு தனியாக நடப்பதை தினமும் பார்க்கிறேன்.

“கை நடுங்குகிறதே, கண் சரியாகத் தெரியவில்லையே?” பெரிய பிரஷ் இருக்கிறது. இலைகளுக்கு நடுக்கம் நல்லதுதான்.

கடைசியாக, ஒயின். பின்வரிசைத் தம்பிகள் காத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் எங்கேயும் மது பரிமாற முடியாது. சங்கக் கூடத்தில் அந்தப் பேச்சே வேண்டாம். ஆனால் ஒயின் செய்த வேலையை வேறு ஏதாவது செய்தாக வேண்டும். கூச்சத்தோடு வருபவர் கையில் உடனே ஒன்று கொடுக்க வேண்டும், அவர் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார வேண்டும். அதற்கு டபரா செட்டில் சூடான ஃபில்டர் காப்பி போதும். சர்க்கரை இருப்பவர்களுக்குச் சர்க்கரை இல்லாமல். சிக்கரி கலந்ததுதான். நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் வந்தாலும் குறை சொல்ல மாட்டார்கள். முதல் மாதக் காப்பி என் செலவு.

முதல் படம் என்ன என்றும் ஆசிரியையும் நானும் பேசி வைத்திருக்கிறோம். நம் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற வேப்பமரம். 2016 டிசம்பரில் வார்தா புயல் அதைச் சாய்த்ததும், வெட்டிவிடலாம் என்று சிலர் சொன்னதும், இரண்டு பிளாக் ஆண்களும் சேர்ந்து கயிறு கட்டி நிமிர்த்தியதும் பழைய குடியிருப்பாளர்களுக்குத் தெரியும். தினமும் அதைக் கடந்துதான் போகிறோம், வருகிறோம். அதன் அடிமரம் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று இப்போது கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? எனக்கும் தெரியாது. நேற்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீங்களும் போகிற வழியில் பாருங்கள்.

அலுவலக மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வர விரும்புகிறவர்கள் பெயர் எழுதுங்கள். மேல் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தனியாக இருப்பவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் கதவைத் தட்டிக் கேட்டு, அவர்கள் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். தானாக வந்து எழுத அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் தனித்தனிப் பக்கம் போடவில்லை. ஒரே பக்கம்தான்.